இறப்பரைக் கொடுத்து அரிசி கொணர்ந்தவர்

வல்லரசுகள் விதிக்கும் வர்த்தகத் தடைகளின் சுமை இறுதியில் சிறிய நாட்டு ஏழையின் அடுப்பிலேயே வந்து விழுகிறது. அந்தச் சுமையை எதிர்கொண்ட ஓர் இலங்கை அமைச்சரை நாம் இங்கு நினைவுகூருகின்றோம். அவர் 1911ஆம் ஆண்டு பிறந்த ஆர்.ஜி. சேனநாயக்க.

கொரிய யுத்தத்தின்போது, 1951 மே மாதத்தில், சீனாவுக்குப் போர்முக்கியத்துவம் வாய்ந்த பொருட்களை ஏற்றுமதி செய்வதற்கு எதிராக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. அப்பொருட்களுள் இறப்பரும் அடங்கியது. 1952ஆம் ஆண்டில் இறப்பர் விலை சரிய, உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு நிலவியது. விற்பதற்கும் வழியின்றி, உண்பதற்கும் வழியின்றி நாடு தவித்தது.

டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் வர்த்தக அமைச்சராக விளங்கிய ஆர்.ஜி., இராஜதந்திர உறவு கூட ஏற்படுத்தப்படாதிருந்த சீனாவுக்குத் தூதுக்குழுவுடன் சென்றார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. அதன்படி ஆண்டுதோறும் 50,000 மெட்ரிக் தொன் இறப்பருக்கும் 270,000 மெட்ரிக் தொன் அரிசிக்கும் இணக்கம் காணப்பட்டது. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது. பதிலுக்கு அமெரிக்க உதவியை நாடு இழக்க நேர்ந்தது. எனினும் உடன்படிக்கை பலமுறை புதுப்பிக்கப்பட்டு மூன்று தசாப்தங்கள் நீடித்தமை குறிப்பிடத்தக்கது.

1954இல் சேர் ஜோன் கொத்தலாவலையின் அமைச்சரவையிலிருந்து விலகிய அவர், 1956 தேர்தலில் தம்பதெனிய, களனி ஆகிய இரு தொகுதிகளிலும் வெற்றியீட்டி, பண்டாரநாயக்க அரசாங்கத்தில் மீண்டும் வர்த்தக அமைச்சரானார்.

ஆயினும் அவரது வாழ்வின் மறுபக்கத்தை நாம் மறைத்தல் ஆகாது. சிங்களம் மட்டும் கொள்கையை ஆதரித்த அவர், 1968இல் சிங்கள மகாஜன பக்சய என்ற கட்சியையும் தோற்றுவித்தார். சீனாவுக்குச் சென்ற இறப்பரின் பாலை வெட்டியோரில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரஜாவுரிமை இழந்த மலையகத் தமிழரும் இருந்தனர். அவர்களது உழைப்பு நாட்டுக்கு அரிசியைக் கொணர்ந்தது. அவர்களுக்கோ வாக்குரிமையும் இருக்கவில்லை.

1970இல் ஆர்.ஜி. காலமானார். சிறிய நாடும் பெரிய நாடுகளிடம் தன் நியாயத்தை அஞ்சாது எடுத்துரைக்கலாம் என்பதை அவரிடம் கற்கலாம். வெளிநாட்டு மேசையில் கோரிய அதே நியாயத்தை உள்நாட்டுச் சிறுபான்மையினருக்கும் வழங்க வேண்டும் என்பதையோ, அவர் செய்யத் தவறியதிலிருந்தே நாம் கற்க வேண்டியுள்ளது.