மறைந்த பின் மகுடம் சூடிய வீரர் – யோஹன் ரிண்ட்



நம்ம சுவர்ப் பத்திரிகையில் தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் என்று எத்தனையோ பேருடைய வாழ்க்கை வரலாறு வந்திருக்கிறது. இந்த முறை நான் ஒரு கார் பந்தய வீரரைப் பற்றி எழுதுகிறேன். கார் ஓட்டுறதுல என்ன பெரிய வரலாறு இருக்குன்னு நினைக்காதீங்க. முழுசா படிச்சுட்டு சொல்லுங்க.

ஒவ்வொரு வருஷமும் ஃபார்முலா ஒன் சீசன் முடியப்போகிற நேரத்தில் எங்கள் வகுப்பில் பெரிய பட்டிமன்றமே நடக்கும். இன்னும் எத்தனை ரேஸ் பாக்கி, யாருக்கு எத்தனை பாயிண்ட் வேணும், எந்த டீம் கார் நல்ல கார் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கூட்டல் கழித்தல்தான். ஆனால் 1970-ஆம் ஆண்டு சீசன் முடிவில் ரசிகர்கள் போட்ட கணக்கு மாதிரி ஒரு கணக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ஏனென்றால் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தவர் அப்போது உயிரோடு இல்லை! அவர்தான் யோஹன் ரிண்ட்.

பிறப்பும் இளமையும்

யோஹன் ரிண்ட் 1942 ஏப்ரல் 18-ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள மைன்ஸ் நகரில் பிறந்தார். அப்பா ஜெர்மானியர், அம்மா ஆஸ்திரியா நாட்டுக்காரர். குடும்பத்துக்குச் சொந்தமாக மசாலா அரைக்கும் ஆலை ஒன்று இருந்தது. அது இரண்டாம் உலகப்போர் நடந்த காலம். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தின் மீது விமானங்கள் குண்டு போட்டன. அதில் அப்பா, அம்மா இரண்டு பேருமே இறந்துவிட்டார்கள். அப்போது குழந்தைக்கு வயது பதினைந்து மாதம்தான். அம்மா முகமே ஞாபகம் இருந்திருக்காது.

அம்மா வழித் தாத்தாவும் பாட்டியும் குழந்தையை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். தாத்தா ஒரு வக்கீல். பேரனோ படிப்பை விட வேகத்தைத்தான் விரும்பினார். பள்ளிக்கூடத்தில் சரியான வாலு! குறும்பு தாங்காமல் பள்ளி மாற வேண்டிய நிலைகூட வந்தது. குடியுரிமை கடைசி வரை ஜெர்மனியுடையதுதான். ஆனால் பந்தய லைசென்ஸ் ஆஸ்திரியாவில் எடுத்ததால் அந்த நாட்டு வீரராகவே உலகம் அவரை அறிந்தது.

யாருக்கும் தெரியாதவர் ஜெயித்தார்

முதலில் சாதாரண கார்களை வைத்து உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டினார். 1964-இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஃபார்முலா டூ பந்தயத்துக்கான பிரபாம் கார் ஒன்றை வாங்கினார். அதே வருஷம் மே மாதம் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் டிராக்கில் ஒரு பந்தயம். அதில் கிரஹாம் ஹில்லும் ஓட்டினார். அவர் யார் தெரியுமா? 1962-இன் உலக சாம்பியன்! பேர்கூட யாருக்கும் தெரியாத இந்த இருபத்திரண்டு வயதுப் பையன் அவரைத் தோற்கடித்து முதலில் வந்தார். அன்றைக்குத்தான் இங்கிலாந்தில் எல்லாரும் யாருப்பா இதுன்னு திரும்பிப் பார்த்தார்கள்.

1965 ஜூனில் பிரான்ஸ் நாட்டின் லெ மான் பந்தயம். இருபத்துநான்கு மணி நேரம் நிற்காமல் நடக்கும் பந்தயம் அது. ஒரே காரை ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். ரிண்டும் அமெரிக்க வீரர் மாஸ்டன் கிரிகரியும் ஒரு ஃபெராரி காரை ஓட்டி ஜெயித்தார்கள். பெரிய கம்பெனிகள் நேரடியாக இறக்கிய கார்கள் பல பழுதாகி நின்றுவிட்டன. இவர்களுடைய கார் தனியார் டீமின் கார்! அதற்குப் பிறகு ஃபெராரி அங்கே மறுபடி முதலிடம் பிடித்தது 2023-இல்தான். இடையில் ஐம்பத்தெட்டு வருஷம்.

காத்திருந்த காலம்

ஆனால் ஃபார்முலா ஒன்னில் வெற்றி சீக்கிரம் கிடைக்கவில்லை. 1964-இல் ஆஸ்திரியாவில் முதல் ரேஸ். பிறகு கூப்பர் டீமில் மூன்று வருஷம், 1968-இல் பிரபாம் டீமில் ஒரு வருஷம். நல்ல வேகமாக ஓட்டுவார், ஆனால் கார் பாதியில் நின்றுவிடும். 1966-இல் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காமலே சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடம் பிடித்தார். 1967-இல் நீனா என்ற ஃபின்லாந்து மாடல் அழகியைத் திருமணம் செய்துகொண்டார். 1968-இல் நடாஷா என்ற பெண் குழந்தை பிறந்தது.

1969-இல் லோட்டஸ் டீமில் சேர்ந்தார். அதன் முதலாளி காலின் சாப்மேன். பெரிய மூளைக்காரர். கார் எவ்வளவு எடை குறைவாக இருக்குதோ அவ்வளவு வேகமாகப் போகும் என்பது அவர் வழி. எடை குறைந்தால் வேகம் வரும், வாஸ்தவம்தான். ஆனால் உடையவும் செய்யுமே! லோட்டஸ் டீமின் ஜிம் கிளார்க், இரண்டு முறை உலக சாம்பியன், 1968 ஏப்ரலில் லோட்டஸ் கார் ஓட்டும்போதுதான் இறந்தார். இதெல்லாம் தெரிந்துதான் ரிண்ட் அங்கே போனார். ஜெயிக்கிற கார் வேணும், ஆனால் அந்தக் காரை முழுசா நம்பவும் முடியாது. இதுதான் அவருடைய பெரிய போராட்டம்.

பயந்தபடியே நடந்தது. 1969 மே மாதம் ஸ்பெயின் பந்தயத்தில் அவருடைய காரின் பின் இறக்கை உடைந்தது. அதே காரணத்தால் முன்பே மோதி நின்றிருந்த கிரஹாம் ஹில்லின் கார் மீது போய் இவருடைய காரும் இடித்தது. முகத்தில் எலும்பு முறிவு. ஆனால் சும்மா இருக்கவில்லை. இப்படி உயரமான இறக்கைகள் ஆபத்து, தடை பண்ணணும் என்று வெளிப்படையாகவே எழுதினார். அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. ஐந்து வருஷக் காத்திருப்பு!

1970 – வெற்றியும் கண்ணீரும்

அந்தக் காலத்தில் ஜெயித்தால் 9 பாயிண்ட். அடுத்தடுத்து 6, 4, 3, 2, 1. இப்போது மாதிரி 25 கிடையாது. 1970-இல் மொத்தம் 13 ரேஸ்.

மே 10, மொனாக்கோ. ரிண்ட் எட்டாவது இடத்தில் இருந்து கிளம்பினார். கடைசிச் சுற்றில் முதலில் போய்க்கொண்டிருந்தவர் ஜாக் பிரபாம். மூன்று முறை சாம்பியன், வயது 44. பின்னாடியே ரிண்ட் நெருங்கி வர, கடைசி வளைவில் பிரபாம் பிரேக் போடத் தாமதித்து வழுக்கித் தடுப்பில் முட்டினார். ரிண்ட் அவரைத் தாண்டிப் போய் ஜெயித்தார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவு! இதை வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது.

அடுத்து லோட்டஸ் 72 என்ற புதுக் கார். ஜூன் 21 நெதர்லாந்தில் ஜெயித்தார். ஆனால் அதே ரேஸில் அவருடைய நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ் விபத்தில் கார் தீப்பிடித்து இறந்தார். கோப்பை வாங்க மேடையில் நின்ற ரிண்ட் முகத்தில் சிரிப்பே இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்புதான் இன்னொரு வீரர் புரூஸ் மெக்லாரனும் இறந்திருந்தார். பட்டம் கிடைத்தால் பந்தயத்தை விட்டுவிடலாமா என்று ரிண்ட் யோசிக்க ஆரம்பித்தார்.

பிறகு பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனி மூன்றிலும் வரிசையாக வெற்றி. இங்கிலாந்தில் கடைசிச் சுற்றில் பாவம் பிரபாமுக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது! ஆகஸ்ட் 16 சொந்த நாடான ஆஸ்திரியாவில் எஞ்சின் பழுதாகி நின்றார். ஜெயித்தவர் ஃபெராரி டீமின் ஜாக்கி இக்ஸ், பெல்ஜியம் நாட்டுக்காரர்.

அன்றைய நிலவரம் இது:

ரிண்ட் – 45
பிரபாம் – 25
ஹல்ம் – 20
இக்ஸ் – 19
ஸ்டூவர்ட் – 19

இன்னும் நான்கு ரேஸ் பாக்கி.

மோன்சா

செப்டம்பர் 5, சனிக்கிழமை. இத்தாலியின் மோன்சா டிராக்கில் பயிற்சி. அங்கே நீளமான நேர்ச்சாலைகள் அதிகம். காரில் இறக்கை இருந்தால் அது காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும், ஆனால் காற்று தடுப்பதால் வேகம் குறையும். அதனால் வேகம் கூடட்டும் என்று இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். பாரபோலிக்கா என்ற வளைவுக்கு முன்னால் பிரேக் போட்டபோது கார் இப்படியும் அப்படியும் ஆடியது. அப்புறம் இடது பக்கம் திரும்பித் தடுப்பில் மோதியது.

காரணம் என்ன? லோட்டஸ் 72-இல் முன் பிரேக் சக்கரத்தில் இருக்காது, வண்டியின் உடம்புக்குள் இருக்கும். சக்கரத்தையும் பிரேக்கையும் ஒரு தண்டு இணைக்கும். வலது பக்கத் தண்டு உடைந்ததுதான் காரணம் என்கிறார்கள். தடுப்பும் சரியாகப் பொருத்தப்படவில்லை. இன்னொன்றும் உண்டு. கார் தீப்பிடித்தால் சட்டென்று வெளியே குதிக்கணும் என்பதற்காக, சீட் பெல்ட்டில் கால்களுக்கு நடுவே வரும் பட்டையை ரிண்ட் மாட்டுவதில்லை. மோதிய வேகத்தில் உடல் கீழே சறுக்கியது, பெல்ட்டே கழுத்தைக் காயப்படுத்தியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் பிரிந்தது. வயது 28. நெருப்புக்குப் பயந்து செய்தது வேறு வழியில் உயிரை வாங்கிவிட்டது.

ஒரு விநோதமான கணக்கு

மறுநாள் ரேஸ் நடந்தது. லோட்டஸ் விலகிக்கொண்டது. அடுத்து கனடாவுக்கும் போகவில்லை. கனடாவில் இக்ஸ் ஜெயித்து 28 பாயிண்ட் ஆனார். பாக்கி இரண்டு ரேஸ். இரண்டிலும் ஜெயித்தால் 28 + 18 = 46. அதாவது ரிண்டை விட ஒரே ஒரு பாயிண்ட் அதிகம்! மற்ற யாராலும் ரிண்டைத் தாண்ட முடியாது.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் இக்ஸாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இறந்துபோன ஒருவரிடம் இருந்து பட்டத்தைப் பறிப்பதா? டீமுக்காக ஓட்டாமல் இருப்பதா? இதைச் சொன்னபோது என் நண்பர்களில் பாதிப்பேர், இக்ஸ் வேணும்னே மெதுவா ஓட்டியிருக்கணும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விட்டுக்கொடுத்துக் கிடைத்த பட்டம் ரிண்டுக்கு மரியாதை இல்லை.

இக்ஸும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்டோபர் 4, வாட்கின்ஸ் கிளென். முதல் இடத்தில் இருந்து கிளம்பினார். நடுவில் பெட்ரோல் குழாய் பழுதாகி நிறுத்தி, பின்னால் போய், அதன்பிறகும் விரட்டிப் பிடித்து நான்காவதாக வந்தார். 3 பாயிண்ட். மொத்தம் 31. அவ்வளவுதான், இனி ரிண்டைத் தாண்ட முடியாது! அன்று ஜெயித்தது யார் தெரியுமா? ரிண்டின் லோட்டஸ் டீமில் ஓட்டிய எமர்சன் ஃபிட்டிபால்டி. பிரேசில் நாட்டவர், வயது 23. அது அவருக்கு நான்காவது ஃபார்முலா ஒன் ரேஸ்தான். தெரிந்தோ தெரியாமலோ, மறைந்த தன் டீம் வீரரின் பட்டத்தை அவர் காப்பாற்றிக் கொடுத்தார்.

கடைசி ரேஸில் மெக்ஸிகோவில் இக்ஸ் ஜெயித்து 40 ஆனார். ரிண்ட் 45. அந்தப் பட்டம் தனக்குக் கிடைக்காமல் போனதில் நிம்மதிதான் என்று இக்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நவம்பரில் பாரிஸில் நீனா கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அதை அவர் கையில் கொடுத்தவர் ரிண்டின் நண்பரும் 1969 சாம்பியனுமான ஜாக்கி ஸ்டூவர்ட்.

என் கருத்து

இறந்தவருக்குப் பட்டம் கொடுத்தது இரக்கத்தால்தானே என்று ஒரு நண்பன் கேட்டான். இல்லவே இல்லை. ரிண்ட் ஓட்டியது ஒன்பது ரேஸ். அதில் ஐந்தில் முதலிடம், 5 × 9 = 45. மற்ற நான்கில் ஒரு பாயிண்ட்கூட இல்லை. நான்கு ரேஸில் அவர் இல்லாமலே மற்றவர்களால் அந்த 45-ஐ எட்ட முடியவில்லை. யாரும் போட்ட பிச்சை இல்லை, அவரே சம்பாதித்தது.

அவர் கல்லறை கிராஸ் நகரில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் முதல் உலக சாம்பியன் அவர்தான். ஐந்து வருஷம் கழித்து அதே நாட்டின் நிக்கி லாடா சாம்பியன் ஆனார். இன்றைக்கு வரை, மறைந்த பிறகு ஃபார்முலா ஒன் பட்டம் பெற்ற ஒரே வீரர் ரிண்ட்தான். இப்போது பெல்ட்டின் எல்லாப் பட்டைகளும் கட்டாயம். 2018 முதல் ஓட்டுநர் தலைக்கு மேலே ஹாலோ என்ற வளையமும் வந்துவிட்டது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் உயிர் இருக்கிறது நண்பர்களே! அதனால்தான் அண்ணன் பைக்கில் ஏறும்போது ஹெல்மெட்டைத் தலையில் மட்டும் வைக்காமல், பட்டையையும் மாட்டச் சொல்லுங்கள்.

யோசித்துப் பார்!

1. ஆஸ்திரியாவில் ரிண்டின் எஞ்சின் பழுதாகாமல் அவரே ஜெயித்து, இக்ஸ் இரண்டாவதாக வந்திருந்தால், மோன்சாவுக்கு முன் இருவருக்கும் எத்தனை பாயிண்ட்?
2. அப்படி நடந்திருந்தால் மீதி நான்கு ரேஸையும் ஜெயித்தாலும் இக்ஸால் ரிண்டைத் தாண்டியிருக்க முடியுமா?

விடை அடுத்த இதழில். முந்திக்கொள்பவர்கள் என் வகுப்புக்கு வந்து சொல்லலாம்!