தனித்து நின்ற சங்கரன் நாயர்

கோவையிலிருந்து மேற்கே செல்லும் இரயில், வாளையாற்றையும் பாலக்காட்டையும் கடந்தபின் மங்கரா என்னும் சிறு நிலையத்தைத் தாண்டுகிறது. விடுமுறைக்கு அவ்வழியே ஊர் செல்லும் நம் நண்பர்கள் பலர் சன்னல் வழியாக அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். பாரதப்புழைக் கரையிலுள்ள அவ்வூரில் 1857ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் பிறந்தவரே சர் சேற்றூர் சங்கரன் நாயர். காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய மலையாளி இன்றளவும் அவர் ஒருவரே.

தந்தையார் ஆங்கில அரசாங்கத்தில் தாசில்தார். சேற்றூர் என்பது தாயாரின் குடும்பப் பெயர். மருமக்கள்தாய முறையில் பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டமும் படித்து, 1880இல் உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக அமர்ந்தார்.

அங்கே தொடங்கியது அவருடைய பிடிவாதம். ஆங்கில பாரிஸ்டர்களிடம் இந்திய வக்கீல் எவரும் இளையவராகப் பணிபுரியக் கூடாது என்று சென்னை வக்கீல்கள் தீர்மானித்தபோது, அதற்குக் கட்டுப்பட மறுத்தார். யாரிடம் வேலை செய்வது என்பது தம் உரிமை என்பது அவர் எண்ணம். சக வக்கீல்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவரோ கவலைப்படவில்லை.

சட்டசபையிலும் அப்படியே. மலபாரில் சம்பந்தம் என்று வழங்கிய மண உறவுக்குச் சட்டத்தின் பார்வையில் மதிப்பில்லை. அதைப் பதிவு செய்துகொள்ள வழிசெய்யும் மசோதா ஒன்றை அவர் கொண்டுவந்தார். தம் சமூகத்துப் பழமைவாதிகளின் சினத்துக்கு ஆளானார். 1896இல் அது சட்டமாயிற்று. ஆனால் பதிவு செய்துகொள்ள வந்தவர்கள் மிகச் சிலரே!

மறு ஆண்டு அமராவதியில் காங்கிரசு கூடியது. அப்போது அவருக்கு வயது நாற்பது. திலகர் இராசத் துரோகக் குற்றத்திற்காகச் சிறை சென்றிருந்த ஆண்டு அது. தலைமையுரையில் அந்நிய ஆட்சியின் கொடுமைகளைக் கண்டித்து, தன்னாட்சி வேண்டும் என்று கேட்டார். அப்படிப் பேசியவரைத்தான் அதே அரசாங்கம் 1908இல் உயர்நீதிமன்ற நீதிபதியாக்கிற்று.

தமிழர்களாகிய நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு நடந்த சதி வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளுள் அவரும் ஒருவர். மற்ற இருவரின் முடிவோடு இணங்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். பாரதியாரின் பாடலொன்றின் ஆங்கில ஆக்கமும் அதில் இடம்பெற்றது.

1915இல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். ஓர் இந்தியன் அன்று எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. 1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசு ஜாலியன்வாலா பாக்கில் டையரின் படை 1,650 குண்டுகளைச் சுட்டது. இறந்தோர் 379 பேர் என்றது அரசாங்கக் கணக்கு. பஞ்சாபில் இராணுவச் சட்டம் நீடித்தது. செய்தி வெளியே வராதபடி தணிக்கை வேறு. சபையில் வாதாடிப் பார்த்தார் நாயர். பயனில்லை என்று கண்டதும் சூலையில் பதவியைத் துறந்தார். அந்தச் சபையிலிருந்த ஒரே இந்தியர் அவர்தாம்.

இதற்குப் பின் காந்தியடிகளின் பக்கம் சேர்ந்திருப்பார் என்று நினைப்போம். இல்லை! ஒத்துழையாமை நாட்டைக் குழப்பத்தில் ஆழ்த்தும் என்று அஞ்சினார். 1922இல் காந்தியடிகளைத் தாக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அக்கருத்தை நம்மில் பலர் ஏற்கமாட்டோம், நானும் ஏற்கவில்லை. ஆனால் அதே நூலில் பஞ்சாபின் கொடுமைகளுக்கு முன்னாள் கவர்னர் சர் மைக்கேல் ஓட்வியரே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார். காந்தியடிகளை எதிர்த்த நூலுக்காக வெள்ளைக்காரர் ஒருவர் அவர்மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். விதியின் விளையாட்டு என்பது இதுதான் போலும்.

1924இல் இலண்டனில் வழக்கு ஐந்து வாரம் நடந்தது. 2025இல் வந்த இந்தித் திரைப்படத்தில் நாயர்தாம் வழக்குத் தொடுப்பவர். உண்மையில் அவர் பிரதிவாதி. நீதிபதி மெக்கார்டி, டையர் செய்தது சரியே என்று ஜூரிகளிடம் வெளிப்படையாகவே கூறிவிட்டார். பன்னிரு ஜூரிகளில் பதினொருவர் ஓட்வியர் பக்கம். மறுத்து நின்றவர் ஒருவரே. அரசியல் பாடம் படிப்போர் அறிந்த ஹெரால்டு லாஸ்கிதான் அவர்.

ஐந்நூறு பவுன் நஷ்டஈடு; அதைப்போல் பன்மடங்கு வழக்குச் செலவு. மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடுவதாக ஓட்வியர் சொல்லியனுப்பினார். அறுபத்தாறு வயது முதியவர் மன்னிப்புக் கேட்கவில்லை, பணத்தைக் கட்டினார்.

1928இல் சைமன் குழுவை நாடே புறக்கணித்தபோது, அதனோடு ஒத்துழைத்த இந்தியக் குழுவுக்குத் தலைவரானார். பழைய காங்கிரசுத் தலைவரைக் காங்கிரசார் வெறுத்தனர். 1934 ஏப்ரல் 24ஆம் நாள் காலமானார். ஆறாண்டுகள் கழித்து, இலண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உதம் சிங் ஓட்வியரைச் சுட்டுக் கொன்றார்.