கல்கி கிருஷ்ணமூர்த்தி

கல்கி என்ற புனைபெயரால் அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (செப்டம்பர் 9, 1899 - டிசம்பர் 5, 1954) ஒரு தமிழ் எழுத்தாளர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர் மற்றும் கலை விமர்சகர் ஆவார். பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம் முதலிய வரலாற்றுப் புதினங்களால் இவர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகின்றார். எனினும் 1930களில் இசைக் கச்சேரி, நடனம், நாடகம், பேசும்படம் ஆகியவற்றின் நிறைகுறைகளை எளிய தமிழில் எடுத்துரைத்த விமர்சகர் என்ற வகையிலும் இவர் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். தமிழ் இதழியலில் கலை விமர்சனத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகின்றார்.

இளமையும் விடுதலைப் போராட்டமும்

கிருஷ்ணமூர்த்தி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்று வந்தபோது, 1921 இல் மகாத்மா காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டுப் படிப்பைக் கைவிட்டார். 1922 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

1923 இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். பின்னர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்திற்காக வெளியிடப்பட்ட விமோசனம் இதழில் பணியாற்றினார். 1931 இல் எஸ். எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடன் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

ஆடல் பாடல் பகுதி

ஆனந்த விகடனில் ஆடல் பாடல் என்ற தலைப்பில் கலை விமர்சனப் பகுதி ஒன்றை இவர் எழுதி வந்தார். இதற்காக இவர் கொண்ட புனைபெயர் கர்நாடகம் என்பதாகும். இச்சொல் தென்னிந்தியச் செவ்வியல் இசையைக் குறிப்பதுடன், பேச்சு வழக்கில் பழைய பாணியை விடாதவரையும் குறிக்கும். புதுமையை விரும்பிய ஒருவர் இப்பெயரைச் சூடிக்கொண்டதே ஒரு நகைச்சுவையாக அமைந்தது.

அக்காலத்தில் சென்னையின் சபாக்களிலும் கொட்டகைகளிலும் வாய்ப்பாட்டு, நாதசுரம், அரிகதை, சதிர், நாடகம் எனப் பலவகை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. 1931 இல் வெளிவந்த காளிதாஸ் படத்தைத் தொடர்ந்து தமிழ்ப் பேசும்படங்களும் இவற்றுடன் சேர்ந்துகொண்டன. விளம்பரத் துண்டறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரேபோலப் புகழ்ந்தன. அவற்றுள் எது காசு கொடுத்துப் பார்க்கத் தக்கது என்பதை வாசகருக்கு எடுத்துக்கூறும் பணியைக் கல்கி மேற்கொண்டார். இலக்கண நுட்பங்களை அறிந்த வித்துவானின் நிலையில் நில்லாமல், சபையில் அமர்ந்திருக்கும் பொது இரசிகரின் நிலையில் நின்று எழுதியது இவரது விமர்சனத்தின் சிறப்பியல்பு ஆகும்.

இவரது விமர்சனங்களுள் 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் திரைப்படத்தைப் பற்றியது பரவலாக எடுத்துக் கூறப்படுகின்றது. நாடக மேடையில் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், கருநாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் இதில் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டது, அக்காலத்தில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. படத்தைப் பார்த்த கல்கி, அதில் நன்கு நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே என்ற கருத்துப்பட எழுதினார். பாடும் திறமை வேறு, நடிப்புத் திறமை வேறு என்ற உண்மையை இவ்விமர்சனம் உணர்த்தியது.

இவர் குறை காண்பதோடு நின்றுவிடவில்லை. சதிர் ஆட்டத்தைத் தொடர வேண்டுமா, விலக்க வேண்டுமா என்ற விவாதம் நடைபெற்ற காலத்தில், பாலசரசுவதியின் அபிநயத்தைப் பாராட்டி எழுதி அக்கலைக்கு ஆதரவு தேடினார்.

தமிழிசை இயக்கம்

கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் துக்கடாக்களாக மட்டுமே பாடப்பட்டன. கேட்போருக்குப் பொருள் விளங்கும் பாடல்கள் மிகுதியாக இடம்பெற வேண்டும் என்று கல்கி வலியுறுத்தினார். 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தமிழிசை மாநாட்டின் பின் இக்கோரிக்கை இயக்கமாக வளர்ந்தது. இசைக்கு மொழி முக்கியமன்று என்று கருதியோர் இதனை எதிர்த்தனர். இராஜாஜி, டி. கே. சிதம்பரநாத முதலியார் ஆகியோருடன் இணைந்து கல்கி தமிழிசைக்காக வாதிட்டார். இது தொடர்பான இவரது கட்டுரைகள் சங்கீத யோகம் என்ற நூலில் இடம்பெற்றுள்ளன.

விமர்சகரும் படைப்பாளியும்

கலைகளை மதிப்பிட்டவர் பின்னர் தாமே மதிப்பீட்டுக்கு உள்ளானார். இவரது தியாகபூமி தொடர்கதை, கே. சுப்பிரமணியம் இயக்கிய திரைப்படத்தின் காட்சிப் படங்களுடன் 1939 இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. அத்திரைப்படம் பின்னர் ஆங்கிலேய அரசால் தடை செய்யப்பட்டது.

1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றதை ஒட்டி ஆனந்த விகடனில் இருந்து விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து கல்கி இதழைத் தொடங்கினார். இதற்கான முதலீடு, சதாசிவத்தின் மனைவியான பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியத்திலிருந்து கிடைத்தது. சுப்புலட்சுமி நடித்த மீரா (1945) படத்திற்குக் கல்கி பாடல் எழுதினார். காற்றினிலே வரும் கீதம் என்ற பாடல் இவர் இயற்றியதாகும். இவ்வாறு பார்வையாளர் வரிசையில் அமர்ந்து தீர்ப்புக் கூறியவர், கலைஞர்களுடன் தொழில்முறையிலும் நெருங்கியவரானார். ஆகவே இவரது பிற்கால விமர்சனங்களைப் படிப்போர் இவ்வுறவையும் கருத்தில் கொள்வது தகும்.

புதினங்களில் கலை

விமர்சகராகப் பெற்ற பட்டறிவு இவரது புதினங்களிலும் வெளிப்பட்டது. கள்வனின் காதலியில் நாடகக் கம்பெனி வாழ்க்கை இடம்பெறுகின்றது. சிவகாமியின் சபதத்தின் தலைவி ஒரு நடன மங்கை. அவளது தந்தை ஒரு சிற்பி.

மறைவு

கல்கி டிசம்பர் 5, 1954 அன்று சென்னையில் காலமானார். அலை ஓசை புதினத்திற்காக 1956 இல் இவருக்குச் சாகித்திய அகாதமி விருது வழங்கப்பட்டது. இவரது நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது.