மரம் வெட்டிய பையன் செனட்டர் ஆனார்

இன்றைய கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் 1829-ம் ஆண்டு பிறந்தவர் ஐசக் ஸ்டீபன்சன். 1845-ல், 16 வயதில், பிழைப்புத் தேடி அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளுக்கு வந்தார்.

பனிக்காலத்தில் மரம் வெட்ட வேண்டும். பனி உருகியதும் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு மில்லுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இந்தத் தொழிலின் நெளிவு சுளிவுகளெல்லாம் அவருக்கு அத்துபடியாயின. 1858-ல் மேரினெட் என்ற ஊரில் மரம் அறுக்கும் மில் ஒன்றில் பங்கு வாங்கினார். கூலியாள் முதலாளியானார்!

கொடுத்த காடே ஒருநாள் பறித்தது. 1871 அக்டோபர் 8-ந் தேதி இரவு, பக்கத்திலிருந்த பெஷ்டிகோ ஊரையும் சுற்றுப்புறத்தையும் காட்டுத்தீ சாம்பலாக்கியது. 1,200 பேருக்கு மேல் மாண்டனர். அங்கிருந்த மரக் கம்பெனியில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் நஷ்டக் கணக்குப் பார்த்து அவர் உட்காரவில்லை. கவர்னருக்குச் செய்தி அனுப்பி உதவி கேட்டார்.

1883 முதல் 1889 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தார். 1907-ல் செனட்டரானார். மறு ஆண்டு, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் 1,00,000 டாலருக்கு மேல் செலவிட்டார். பணத்தைக் கொட்டிப் பதவி வாங்கினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக்குப் பின் 1912-ல் செனட் சபை வாக்கெடுத்தது. பதவி தப்பியது, பழி தப்பவில்லை.

1918-ல், 88-வது வயதில், மேரினெட்டில் காலமானார். கோடரி பிடித்துத் தேடிய நல்ல பெயரில், பணப்பை ஒரு கீறல் போட்டுவிட்டது.