வட்டத்தைக் கண்ட கிரெப்ஸ்

உயிரியல் மாணவருக்குக் கிரெப்ஸ் என்னும் பெயர் ஒரு மனிதரின் பெயராகத் தோன்றுவதில்லை. தேர்வுக்கு முதல்நாள் இரவு மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு வட்டமாகவே தோன்றுகிறது. சிட்ரேட், ஐசோசிட்ரேட், கீட்டோகுளூட்டரேட், சக்சினைல் கோஏ, சக்சினேட், பியூமரேட், மாலேட், ஆக்சலோஅசிட்டேட் என்ற எட்டுப் பெயர்களையும், சின்ன ஐயா கீரை சமைத்துச் சாப்பிட்டுப் பூ மாலை ஆக்கினார் என்பதுபோன்ற வாக்கியத்தில் முடிந்துகொள்கிறோம். அது தவறன்று. ஆனால் அவ்வட்டத்தைக் கண்டவருக்கு அத்தகைய வாக்கியம் எதுவும் கிடைக்கவில்லை.

ஹான்ஸ் அடால்ப் கிரெப்ஸ் 1900 ஆகஸ்ட் 25ஆம் நாள் ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் நகரில் பிறந்தார். தந்தையார் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனும் மருத்துவமே கற்று 1925இல் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. 1926 முதல் நான்காண்டுகள் பெர்லினில் ஆட்டோ வார்பர்க் என்ற மேதையிடம் உதவியாளராக இருந்து, உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி, அவை ஏற்கும் ஆக்சிஜனை அழுத்தமானியால் அளக்கும் முறையைக் கற்றார்.

1932இல், பிரைபர்க் நகரில், ஹென்செலைட் என்ற மாணவருடன் ஒரு புதுமையைக் கண்டார். கல்லீரல் சீவலுடன் சிறிதளவு ஆர்னிதின் சேர்த்தால் யூரியா விரைந்து பெருகியது, ஆர்னிதினோ குறையவில்லை. அது மாறி மாறி மீண்டும் தானாகவே திரும்புகிறது என்று கிரெப்ஸ் உணர்ந்தார். உயிர்ப்பொருள் மாற்றம் வட்டமாகவும் நடக்கலாம் என்ற எண்ணம் இவ்வாறு பிறந்தது.

மறு ஆண்டே இடி விழுந்தது. யூத மரபினர் என்ற ஒரே காரணத்தால் 1933 ஏப்ரலில் நாஜி ஆட்சி அவரைப் பதவியினின்றும் நீக்கியது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹாப்கின்ஸ் அழைக்க, தம் கருவிகளுடன் இங்கிலாந்து சென்றார். 1935இல் ஷெபீல்டில் விரிவுரையாளரானார்.

அங்கே ஜான்சன் என்ற ஆராய்ச்சி மாணவருடன் புறாவின் மார்புத் தசையை எடுத்துச் சோதித்தார். சக்சினேட் பியூமரேட்டாக மாறும் படியை மேலோனேட் தடுத்துவிடும். அப்படித் தடுத்தபின் பியூமரேட்டைச் சேர்த்தார். ஆயினும் சக்சினேட் குவிந்தது! நேர்வழி அடைபட்டிருக்க, அது எவ்வழியே வந்தது? மறுபுறமாகச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். பிறர் கண்டிருந்த துண்டுகளும் தம்முடைய துண்டுகளும் 1937இல் ஒரே வட்டமாகப் பொருந்தின.

அவர் அனுப்பிய குறிப்பை நேச்சர் இதழ் இடமின்மையால் திருப்பி அனுப்பியது. கிரெப்ஸ் சோர்ந்துவிடவில்லை, என்சைமாலஜியா என்ற இதழில் அவ்வாண்டே வெளியிட்டார். 1953இல் லிப்மனுடன் நோபல் பரிசு பெற்றார். 1954இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியரானார். 1958இல் சர் பட்டம் பெற்றார். 1967இல் ஓய்வுபெற்ற பின்னரும் ஆராய்ச்சியை விடாமல், 1981 நவம்பர் 22ஆம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, சின்ன ஐயா நமக்குப் பெயர்களைத் தருவார், காரணத்தைத் தரமாட்டார். தேர்வு மண்டபத்தில் வாக்கியத்தின் ஒரு சொல் நழுவினால் மாலையே அறுந்துவிடும். மேலோனேட் எந்த வாயிலை அடைத்தது, பின்னர் சக்சினேட் எவ்வழியே வந்தது என்று அறிந்தவரோ, வட்டத்தின் எந்தப் புள்ளியில் நின்றாலும் வழி கண்டு நடந்துவிடுவார்.