மேகத்தை மதித்த விமானி

மழைக்காலத்தில் புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் அன்பர்கள், லோணாவளா, கண்டாலா மலைச்சரிவுகளை மேகம் மூடிக் கிடப்பதைக் கண்டிருப்பர். இரயிலில் அமர்ந்து காண்போர்க்கு அஃது இன்பக் காட்சி. சிறு விமானத்தில் வருவோர்க்கோ கூற்றுவன் விரித்த திரை. அத்திரையின் இயல்பறிந்து நடந்த ஒரு பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம். அவர்தாம் ஜே. ஆர். டி. டாடா.

1904 ஜூலை 29 ஆம் நாள், பார்சித் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் மகனாகப் பாரிஸ் நகரில் பிறந்தார். இளமையிலேயே வான்வழியில் வேட்கை கொண்டு, 1929 பிப்ரவரி 10 இல் விமானி உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் உரிமம் அதுவே. 1932 அக்டோபர் 15 இல் கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் தாமே விமானம் செலுத்தி, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து அவர்தம் கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தார். சீமைக் கடிதம் நம் தமிழகத்துக்கு விரைந்து வர வழி பிறந்தது அவ்வாறே.

டாடா செலுத்திய விமானம் ஒற்றை எஞ்சின் கொண்ட 'பஸ் மாத்'. அதில் வானொலிக் கருவி இல்லை. தரையிலிருந்து வழிகாட்டுவாரும் இல்லை. ஆறும் இருப்புப்பாதையும் மலைமுகடும் கண்ணுக்குப் புலப்பட்டாலன்றித் திசை தெரியாது. மேகத்துள் புகுந்த விமானிக்குத் தொடுவானம் மறையும். உடலின் சமநிலை உணர்வு பொய்யுரைக்கும். விமானம் சாய்ந்து வீழ்கையிலும் நேரே செல்வதாகவே தோன்றும். இன்னும் சிறிது தூரந்தானே என்றெண்ணி மாண்ட விமானிகள் பலர். 1931 மே மாதம், புகழ்பெற்ற ஆங்கில விமானி கிளென் கிட்ஸ்டன், இதே வகை விமானத்தில் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைமீது புழுதிப்புயலினூடே பறந்தார். விமானம் வானிலேயே சிதைய, உடன் சென்றவரும் அவரும் உயிரிழந்தனர்.

ஜூஹு தளமோ கடலோர மண்தரை; மழை பிடித்தால் நீரில் மூழ்கிவிடும். டாடா குழுவினர் இயற்கையோடு வம்புக்கு நிற்கவில்லை. மழைமாதங்களில் விமானங்களையும் விமானிகளையும் மெக்கானிக்குகளையும், அந்நாளில் பூனா எனப்பட்ட நம் ஊருக்கே மாற்றி, எரவாடாவில் ஒரு மைதானத்தைத் தளமாகக் கொண்டனர். முதலாண்டில் 1,60,000 மைல் பறந்தும் தபால் காலந்தவறவில்லை. மேற்கு மலைத்தொடரைக் கார்காலத்திலும் கடந்த அத்திறத்தை அரசாங்க அறிக்கையே பாராட்டிற்று.

கருவிகள் பெருகிய பின்னரும் மலை தன் இயல்பை விடவில்லை. 1962 ஜூலையில், பம்பாயை நோக்கி இரவில் வந்த இத்தாலிய ஜெட் விமானம் ஒன்று, வழிக்கணக்குத் தவறி முன்னதாகவே தாழ்ந்து, நம் மாவட்டத்து ஜுன்னர் அருகே மலையில் மோதியது. 94 பேர் மாண்டனர்.

1982 இல், தம் 78 ஆம் வயதில், கராச்சியிலிருந்து பம்பாய் வரை டாடா மீண்டும் சிறு விமானத்தில் பறந்து காட்டினார். 1992 இல் பாரத ரத்னா விருது பெற்று, 1993 நவம்பர் 29 இல் ஜினீவாவில் இயற்கை எய்தினார்.

ஆபத்தை ஆபத்தென்று மதிப்பதை வள்ளுவர் அறிவுடைமையுள் வைத்தார். விமானத் துறையில் சேர விழையும் நம் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. வானம் இருண்டால் திரும்பி வருதல் இழுக்கன்று. வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்போர்க்குச் செய்யும் கடமையே அது.