தைராய்டு ரிப்போர்ட்டில் வரும் ‘டி3’: கண்டுபிடித்த பெண் யார் தெரியுமா?

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஏதாவது ஒரு லேப்பில் தைராய்டு டெஸ்ட் எடுத்தால், ரிப்போர்ட்டில் டி3, டி4, டிஎஸ்ஹெச் என்று மூன்று வரி இருக்கும். ஆனால் சுரப்பு குறைவு என்றால் டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் டி4 மாத்திரை மட்டும்தான். காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு காபிக்குக் காத்திருக்க வைக்கிறதே, அதேதான். அப்போ டி3-க்கு மாத்திரை வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வழி திறந்தவர் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ். 1907-ல் லண்டனில் பிறந்தார். வேதியியல் படிப்பு, 1931-ல் திருமணம், ஒரு மகன், 1937-ல் விவாகரத்து. 1939-ல் பிஹெச்டி முடித்து, 1942-ல் லண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இயக்குநர் சார்லஸ் ஹாரிங்டன். டி4-ஐ ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டியவர்.

1945-ல் ஆய்வகத்தை விட்டு பெர்கன்-பெல்சன் போனார். நாஜிகளிடமிருந்து அப்போதுதான் மீட்கப்பட்ட வதைமுகாம் அது. பட்டினியில் சாகக் கிடந்தவர்களுக்கு, முன்கூட்டியே செரிக்க வைத்த புரதத்தைக் கொடுத்துப் பார்ப்பது அவருடைய மருத்துவக் குழுவின் வேலை. ஊசியைக் கண்டாலே கைதிகள் மிரண்டார்கள். கடைசியில் அந்தப் புரதத்தை விட, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த பால்தான் நன்றாக வேலை செய்தது. தங்கள் மருந்து எடுபடவில்லை என்பதை அந்தக் குழு மறைக்கவில்லை.

டி3 கதைக்கு வருவோம். கனடாவிலிருந்து வந்த ஜாக் கிராஸ், கதிரியக்க அயோடின் சோதனைகளில் ரத்தத்தில் டி4 தவிர இன்னொரு பொருளையும் பார்த்திருந்தார். அது என்னவென்று இருவரும் சேர்ந்து 1952-ல் உறுதி செய்தார்கள். டி4-ல் நான்கு அயோடின் அணுக்கள், இதில் மூன்று. வீரியமோ பல மடங்கு! பாரிஸிலும் ஒரு குழு அதே நேரத்தில் இதைக் கண்டுபிடித்தது தனிக்கதை. 1954-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

வேடிக்கை என்னவென்றால், 1891-லேயே ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஆட்டுத் தைராய்டுச் சாறு கொடுத்து வைத்தியம் பார்த்தார். அதில் இரண்டு ஹார்மோனும் கலந்தே இருந்தன, யாருக்கும் தெரியாமலே. பிறகு டி4, டி3 இரண்டும் சேர்ந்த மாத்திரைகளும் வந்தன.

டி4-ஐ உடம்பு டி3 ஆக மாற்றிக்கொள்கிறது என்று ரோசலிண்டும் கிராஸும் முன்பே ஊகித்திருந்தார்கள். அது மனிதர்களில் 1970-ல் நிரூபணமாக, டி4 மட்டும் போதும் என்ற பழக்கம் நிலைத்தது.

ஆனாலும் ரிப்போர்ட் நார்மல், அசதி மட்டும் போகவில்லை என்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 1990-ல் ரோசலிண்ட் இறந்தார். 1999-ல் லிதுவேனியாவில் 33 பேரிடம் நடந்த ஆய்வில், டி3-யும் சேர்த்தபோது மனநிலை தேறியது. பிறகு வந்த பெரும்பாலான ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் டி4-ல் சரியாகாத சிலருக்கு மட்டும், டாக்டர் கண்காணிப்பில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள், டி3-க்கு ஒரே நாள். ஆகவே அளவு கூடினால் படபடப்பு சட்டென்று வரும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கலவை பரிந்துரைக்கப்படுவதில்லை. சிசுவின் மூளைக்குத் தாயின் டி4-தான் தேவை.